பேட்டரி எம்ஏஎச் குறைவான ஐபோன், சாம்சங்குக்கு ஈடாகத் தாங்குவது எப்படி?

பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்பதன் அளவுதான் எம்ஏஎச். 4000 எம்ஏஎச் என்றால் 400 மில்லியாம்பியர் வீதம் 10 மணி நேரம் தரும். கேலக்ஸி எஸ்24-இல் 4000. ஐபோன் 15-இல் சுமார் 3350. ஆனால் மொட்டைமாடித் தொட்டி பெரிதாக இருந்தால் மட்டும் போதுமா? கீழே எத்தனை குழாய் திறந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டாமா?

இருப்பதிலேயே பெரிய குழாய் திரைதான். எஸ்24 திரை நொடிக்கு 120 முறை வரை புதுப்பித்துக்கொள்ளும். ஐபோன் 15-க்கு 60 தான். சாம்சங்கில் செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, மோஷன் ஸ்மூத்னஸ் என்று போய் 'ஸ்டாண்டர்ட்' வைத்தால் 60-க்கு இறங்கும். ஸ்க்ரோல் செய்யும்போது அந்த வழுக்கல் இருக்காது, அவ்வளவுதான்.

அடுத்தது சிக்னல். ஒற்றைக் கோடு காட்டும் இடத்தில் போன் டவரை எட்டிப்பிடிக்கக் கூடுதல் சக்தியைச் செலவழிக்கும். பையில் சும்மா கிடந்தாலும் சார்ஜ் இறங்கும். அசையும் வால்பேப்பர் போட்டால் அதுவும் ஒரு குழாய்.

ரீசன்ட் ஆப்களை அடிக்கடி தள்ளி மூடினால் சார்ஜ் மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அதே ஆப்பை மறுபடி முதலிலிருந்து திறக்கத்தான் கூடுதல் சார்ஜ் போகும்.