மலேசிய இந்தியர்கள் சீனர்களைவிடப் பணத்தில் பின்தங்கியிருப்பதற்குக் குடியும் ஊதாரித்தனமும்தானே காரணம்?

கேள்வியிலேயே பதிலையும் எழுதிவிட்டீர்கள். நீங்கள் இங்கே சுற்றுலா வந்து போனவராக இருக்க வேண்டும். நான் சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசைக் குடியிருப்பில், பிறந்தவன். குடியே இல்லை என்று சொல்ல மாட்டேன், என் சித்தப்பா அதில்தான் போனார். ஆனால் அந்தக் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே, நிர்வாகத்தின் ஏற்பாட்டில்தான் நடந்தது.

என் பாட்டி குடித்தவர் இல்லை, செலவாளியும் இல்லை. 15 வயதில் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்க, போனவர். விடியுமுன் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, அப்புறம் மரம். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, அன்றைக்குச் சம்பளமும் கிடையாது. வேலை இருக்கும்வரைதான் வீடு. 34 வருடம் அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கினார், ஒரு அடி நிலம்கூட அவர் பெயருக்கு வரவில்லை. 1990களில் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றார்கள். சேமநிதியோடு சில ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) இழப்பீடு கிடைத்தது. அவர் மரம் வெட்டிய இடத்தில் எழும்பிய வரிசை வீடுகளில் ஒன்றுக்குத்தான் நான் இப்போது மாதாமாதம் கடன் கட்டுகிறேன்.

சீனர்களும் கூலிகளாகத்தானே வந்தார்கள் என்பீர்கள். பலர் அப்படித்தான் வந்தார்கள். ஆனால் ஈயச் சுரங்கங்களைச் சுற்றிக் கோலாலம்பூர், ஈப்போ என்று ஊர்கள் எழுந்தன. சுரங்கத்தை விட்டவர் அங்கேயே ஒரு கடை போட வழி இருந்தது. எங்களுக்குப் பள்ளி, கோயில், மளிகைக் கடை எல்லாமே தோட்டத்து வேலிக்குள்.

உடனே இனவாதம் பேசுகிறேன் என்று யாரும் வர வேண்டாம். 1970இல் கம்பெனிப் பங்குகளில் மலாய்க்காரர்களிடம் இருந்தது வெறும் 2.4 சதவீதம். சீனர்களிடம் 27, எங்களிடம் ஒன்று சொச்சம். 60க்கு மேல் வெளிநாட்டவர் கையில் இருந்தது. மலாய்க்காரர்களைத் தூக்கிவிட்டது நியாயம்தான். என் வருத்தம் வேறு. 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மலாய்க்காரர்களுக்கும் மற்ற பூர்வகுடிகளுக்கும், கம்பெனிப் பங்குகளில் 30 சதவீதம் என்று இலக்கு வைத்தது. சீனர்களையும் எங்களையும் 'மற்ற மலேசியர்கள்' என்று 40 சதவீதத்துக்குள் ஒன்றாகப் போட்டது. 27 இருந்தவரோடு 1 இருந்தவரைச் சேர்த்தால் அந்த ஒன்று யார் கண்ணில் படும்?

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் "பரவாயில்லையே, நல்லா தமிழ் பேசறீங்களே" என்று பாராட்டுவதை நிறுத்துங்கள். சம்பளமே போதாத காலத்திலும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குக் கூரை போடப் பணம் சேர்த்தவர்கள் எங்கள் ஆட்கள். மனசு வலிக்கிறது.

தோட்டம் மூடியபோது எங்கள் லயத்தில் ஐம்பது குடும்பங்களுக்கு மேல் இருந்தன. நேராகச் சொந்த வீட்டுக்குப் போனவை நான்கு. அந்த நான்கிலும் கிராணியாகவோ (தோட்டத்து எழுத்தர்) ஆசிரியராகவோ மாதச் சம்பளம் வாங்கும் ஒருவர் இருந்தார். மற்றவர்கள் நாள்கூலிச் சீட்டை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார்கள். அதை வைத்து யாரும் வீட்டுக் கடன் தரவில்லை.