ஜேன் மார்செட்டின் வாழ்க்கையும் குடும்பமும்: பள்ளி அரங்கில் எதை வைப்பது?

கேள்வி கேட்டவர் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளை வைத்து அறிவியல் கண்காட்சி அரங்கு போடும் டீச்சர். ஜேன் மார்செட் யார், குடும்பம் எப்படிப்பட்டது, கூடவே ஒரு செய்முறை வைக்கலாமா என்பது அவர் கேள்வி.

டீச்சர், முதலில் ஒரு வேண்டுகோள். ‘ஃபாரடேவுக்கு வழிகாட்டியவர்’ என்று தட்டிக்குத் தலைப்பு எழுதாதீர்கள். மின்சார ஆய்வில் பேர்பெற்ற விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே இவர் எழுதிய வேதியியல் நூலைப் படித்துக் கற்றவர் என்பது உண்மைதான், ஆனால் அது கதையின் பின்பாதி. முன்பாதி ஜேனுடைய வீட்டில் இருக்கிறது.

ஜேன் 1769 ஜனவரி 1 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா ஆண்டனி பிரான்சிஸ் ஹால்டிமன்ட், சுவிட்சர்லாந்து வம்சத்து வணிகர், வங்கியாளர். வீட்டில் பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் ஒரே பாடம்தான். பதினைந்து வயதில் அம்மாவை இழந்தார். தம்பி தங்கைகளைப் பார்ப்பது, அப்பாவின் விருந்தினர்களை உபசரிப்பது எல்லாம் இவர் தலையில் விழுந்தது. தம்பி வில்லியம் பிற்காலத்தில் பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் இயக்குநர்களில் ஒருவரானார்.

1799-இல், முப்பது வயதில், ஜெனீவாக்காரரான டாக்டர் அலெக்சாண்டர் மார்செட்டை மணந்தார். அவர் கைஸ் மருத்துவமனை மருத்துவர், ஆனால் மனசெல்லாம் வேதியியலில். சிறுநீரகக் கல் ஒன்றிலிருந்து 1817-இல் சாந்தீன் என்ற பொருளைக் கண்டறிந்தவர் அவர்தான். ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சிலியஸோடு சேர்ந்தும் ஆய்வு செய்தார். அதே 1817-இல் ஜேனின் அப்பா காலமானார். வந்த சொத்தை வைத்து அலெக்சாண்டர் வைத்தியத்தை விட்டு வேதியியலுக்கே போய்விட்டார். ஐந்தே வருடம், 1822-இல் அவரும் இறந்தார். மகன் பிரான்சுவா ஜெனீவாவில் இயற்பியலாளர் ஆனார். பேரன் வில்லியம் மார்செட் மருத்துவர், பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர். ஜேன் 1858 ஜூன் 28 அன்று லண்டனில், தன் 89-ஆம் வயதில் காலமானார்.

இனி ஜேனின் புத்தகம், ‘கான்வர்சேஷன்ஸ் ஆன் கெமிஸ்ட்ரி’ (வேதியியல் உரையாடல்கள்). லண்டனில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கப் போனார். முதலில் சரியாகப் பிடிபடவில்லை. வீட்டில் நெருங்கியவரோடு பேசிப் பார்த்து, சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்தபோதுதான் தெளிந்தது. அந்த அனுபவத்தையே நூலின் வடிவமாக்கினார்: ‘மிசஸ் பி’ என்ற ஆசிரியை, பொறுப்பான எமிலி, குறுக்கே குறுக்கே கேட்கும் கேரலின், மூவரின் உரையாடல். படங்களும் அவர் வரைந்தவையே. முதல் பதிப்பின் தலைப்புப் பக்கத்தில் 1806 என்று இருக்கும். 1805 என்றும் பலர் எழுதுகிறார்கள், குழம்ப வேண்டாம். ஆசிரியர் பெயர் அதில் கிடையாது. 1830-களில்தான் பெயர் ஏறியது. அதற்குள் அமெரிக்காவில் வேறொருவர் பெயரைப் போட்டே பதிப்புகள் விற்றன. தட்டியில் முதல் பதிப்பின் பக்கத்தை ஒட்டினால், பெயர் இல்லாத அந்த வெற்றிடத்தை அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள்.

செய்முறைக்கு வோல்டா அடுக்கு பொருத்தம்: செம்பு, உப்புநீரில் நனைத்த காகிதம், துத்தநாகம் மூன்றும் சேர்ந்தால் ஒரு கலம், அப்படிப் பல கலங்களை அடுக்கிச் செய்யும் பழைய மின்கலம் அது. புத்தகம் தைக்கும் கடையில் வேலை பழகிய ஃபாரடே இந்நூலைப் படித்து, அதில் உள்ளதைத் தானே செய்து சரிபார்த்தவர். 1812-இல் ஏழு துத்தநாக வில்லை, ஏழு அரைப் பென்னிச் செம்புக் காசு, உப்புநீரில் நனைத்த ஆறு காகிதம் வைத்து மின்கலம் செய்தார். காகிதம் ஆறு என்பதால் வேலை செய்தது ஆறு கலம்தான்.

உங்களுக்கும் ஆறு போதும். துத்தநாகத்துக்கு, பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெருவில் ஒரு அங்குல ஜிஐ வாஷர் (துத்தநாகம் பூசிய இரும்பு) ஆறு வாங்குங்கள். எஸ்.எஸ்., அதாவது எவர்சில்வர் வாஷரும் பார்க்க அப்படியே இருக்கும், காந்தம் வைத்துப் பாருங்கள், ஜிஐ ஒட்டும். செம்புக்கு வீட்டு வயரிங் கம்பியின் மேலுறையை உரித்து, முறுக்கு பிழிவதுபோல் தட்டையாகச் சுற்றுங்கள். மோட்டார் வைண்டிங் கம்பி வேண்டாம், அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் உண்டு, மின்சாரம் போகாது. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி உப்பு கரைத்து, அட்டைத் துண்டுகளை ஊறவைத்துப் பிழிந்துவிடுங்கள். சொட்டச் சொட்ட வைத்தால் நீர் ஓரமாக வழிந்து அடுக்கு முழுவதும் ஷார்ட் ஆகிவிடும். பெரும்பாலும் இங்கேதான் தவறும்.

அடியிலிருந்து செம்பு, அட்டை, வாஷர். மறுபடி செம்பு, அட்டை, வாஷர். ஒரு கலத்துக்குச் சுமார் 0.7 வோல்ட். சிவப்பு எல்.இ.டி.க்குக் கிட்டத்தட்ட 2 வோல்ட் வேண்டும், பல்பை இணைத்ததும் மின்னழுத்தம் இறங்கும், அதனால்தான் ஆறு. எல்.இ.டி.யின் நீளக் கால் அடியில் உள்ள செம்புக்கு. கடல் காற்றில் செம்பு சீக்கிரம் மங்கும். காலையில் புளி போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிடுங்கள். வாஷரை மட்டும் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், மேலிருக்கும் துத்தநாகப் பூச்சு போய்விடும்.

மூன்று மாணவிகளை மிசஸ் பி, எமிலி, கேரலினாகப் பேசவிடுங்கள், நம் பேச்சுத் தமிழிலேயே. நடுவில் எமிலி ஒரு ஈர அட்டையை எடுத்துவிட்டு உலர்ந்த அட்டையை வைக்கட்டும். விளக்கு அணையும். “ஒண்ணுதானே மிஸ் காஞ்சிருக்கு, மத்த அஞ்சும் ஈரமாத்தானே இருக்கு?” என்று கேரலின் கேட்கட்டும். மிசஸ் பி உடனே பதில் சொல்லக் கூடாது. கூட்டத்தில் யாராவது சொல்லும்வரை காத்திருக்கட்டும்.