சிங்கப்பூர் செங்காங்கில் வாடகை வீடு பார்க்கும் தம்பிக்கு: ஏஜென்ட், வீட்டுக்காரர், நீங்கள், யார் எதற்குப் பொறுப்பு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: இபி என்கிற வேலை அனுமதிப் பாஸில் சிங்கப்பூர் வந்து ஒரு மாதம் ஆகிறது, மனைவியும் குழந்தையும் அடுத்து வரப்போகிறார்கள், செங்காங்கில் ஒரு நாலறை வீவக வீடு, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடு, பிடித்திருக்கிறது, மாதம் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரெண்டு வருட ஒப்பந்தம். ஏஜென்ட் ரெண்டு மாத டெபாசிட்டும் முதல் மாத வாடகையும் சேர்த்து 9,000 வெள்ளியைத் தன் பேநவ் எண்ணுக்கு (கைபேசி எண்ணை வைத்துப் பணம் அனுப்பும் வசதி) இன்று ராத்திரிக்குள் போடச் சொல்கிறார், இல்லாவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடுமாம். வீட்டுக்காரரை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அனுப்பலாமா, பின்னால் பிரச்சினை வந்தால் யாரைப் பிடிப்பது?

அனுப்பாதீர்கள். வீவக வீட்டு வாடகையில் ஏஜென்ட் டெபாசிட்டையோ வாடகையையோ கையில் வாங்கவே கூடாது, அது இங்கே விதி. ஒழுங்கான ஏஜென்ட் வீட்டுக்காரர் பெயரில் உள்ள கணக்கைத்தான் கொடுப்பார். கமிஷன்கூட அவருடைய நிறுவனத்துக்குத்தான் போகவேண்டும், அவர் சொந்தக் கணக்குக்கு இல்லை. ஆகவே உங்கள் ஆள் ஒன்று விதியை மதிக்காதவர், அல்லது ஏஜென்டே இல்லை. ரெண்டாவதுதான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது, ஏனென்றால் 'இன்று ராத்திரிக்குள்' என்ற அவசரம் மோசடிக்காரர்களின் வழக்கமான பேச்சு.

எப்படிச் சரிபார்ப்பது? இங்கே உரிமம் பெற்ற ஒவ்வொரு ஏஜென்டுக்கும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் ஒரு பதிவு எண் உண்டு. ஏஜென்டுகளைக் கண்காணிக்கும் சிஇஏ என்ற அரசு அமைப்பின் இணையப் பதிவேட்டில் அந்த எண்ணையோ, உங்களை அழைத்த கைபேசி எண்ணையோ போட்டுப் பாருங்கள். பெயர் மட்டும் பொருந்தினால் போதாது, உண்மையான ஏஜென்டின் பெயரையும் படத்தையும் எடுத்துக்கொண்டு வேறு எண்ணிலிருந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் கைபேசி எண்ணும் பொருந்தவேண்டும்.

இன்னொன்று, அவர் உண்மையான ஏஜென்டாகவே இருந்தாலும், வீட்டுக்கு விளம்பரம் போட்டவர் வீட்டுக்காரரின் ஏஜென்ட். நம்ம ஊர் புரோக்கர் மாதிரி ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்குவது இங்கே நடக்காது, ஒரே பேரத்தில் ஒருவர் ரெண்டு தரப்புக்கும் நிற்பதற்குத் தடை இருக்கிறது. ஆகவே அவர் தமிழில் அன்பாகப் பேசினாலும் அவர் வேலை வீட்டுக்காரருக்கு. 'அண்ணன் பாத்துக்கறேன்' என்பதையெல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். உங்களுக்கு என்று ஆள் வேண்டுமென்றால் தனியாக ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், கமிஷன் இவ்வளவு என்று எந்தச் சட்டமும் இல்லை, பேசி முடிவுசெய்வதுதான்.

சரி, வீட்டுக்காரருக்கு வருவோம், நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு விட அவர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்கவேண்டும், நிரந்தரவாசிக்கு அந்த உரிமை கிடையாது. பொதுவாக அந்த வீட்டில் 5 ஆண்டுக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலத்தை முடித்திருக்கவேண்டும். நீங்கள் குடியேறுவதற்கு முன்பே கழகத்திடம் ஒப்புதல் வாங்கியிருக்கவேண்டும். மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு முழு வீட்டை விட அக்கம்பக்கத்து வீடுகளில் 8 விழுக்காடு, அந்த புளோக்கின் வீடுகளில் 11 விழுக்காடு வரைதான் என்று ஒரு வரம்பும் இருக்கிறது, அது நிரம்பியிருந்தால் அவர் விரும்பினாலும் உங்களுக்குத் தரமுடியாது. ஒப்புதல் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள், அதில் உங்கள் பெயர் இருக்கிறதா பாருங்கள்.

என் அலுவலகத்தில் ஒரு பையன் ஜூரோங் வெஸ்ட்டில் ஓர் அறையில் இருந்தான். வாடகை வாங்கியவர் வீட்டுக்காரரே இல்லை, அவரே அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர், மூன்று அறையையும் நம்மூர்ப் பையன்களுக்குப் பிரித்து விட்டிருந்தார். வீவக வீட்டில் குடியிருப்பவர் இப்படி உள்வாடகை விட முடியாது. ஒரு சனிக்கிழமை காலை கழகத்து ஆட்கள் வந்து கதவைத் தட்டி, யார் யார் எங்கே படுக்கிறீர்கள், பாஸைக் காட்டுங்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரமே எல்லாரும் பெட்டியைத் தூக்கவேண்டியதாயிற்று, கொடுத்த ஒரு மாத டெபாசிட்டைக் கேட்டால் அந்த மனிதர் போனை எடுக்கவில்லை. இவனிடம் எழுத்தில் ஒரு வரி இல்லை, எல்லாம் கையில் கொடுத்த காசு. அறை மட்டும் எடுக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அறையை மட்டும் விடுகிற வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்கவேண்டும், ஓர் அறையைப் பூட்டிப் பேருக்கு வைத்துவிட்டு வேறு இடத்தில் வசிப்பது தவறு.

வீட்டுக்காரர் உங்கள் பாஸ்போர்ட்டையும் பாஸையும் அசலாகக் கேட்டால் சந்தேகப்படுகிறார் என்று வருத்தப்படாதீர்கள். பாஸ் செல்லுமா என்று மனிதவள அமைச்சின் இணையத்தில் பார்ப்பதுவரை அவர் தலையில் உள்ள கடமை, சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவருக்கு வீடு கொடுத்தால் அவர் சிறைக்குப் போகவேண்டிவரும். கேட்காமலே சாவியைக் கொடுக்கிறவரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டுவது வழக்கமாக நம் பொறுப்பு. மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, உங்கள் கணக்குக்கு 288 வெள்ளி, கையெழுத்துப் போட்ட 14 நாளுக்குள். இதைக் கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டமுடியாது, அதனால் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

ரிப்பேர் விஷயம் முழுக்க ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். பெரும்பாலும் ஒவ்வொரு சிறு ரிப்பேருக்கும் 200 வெள்ளி மாதிரி ஒரு தொகைவரை நாம், அதற்குமேல் வீட்டுக்காரர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏசி சர்வீஸ் நம் செலவு, ரசீதை எறிந்துவிடாதீர்கள். கழிவறைக் கூரையில் தண்ணீர் ஒழுகினால் அது வீட்டுக்காரரும் மேல்வீட்டுக்காரரும் பேசித் தீர்ப்பது, நீங்கள் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் தெரிவித்தால் போதும். சமையல் பற்றி முன்கூட்டியே பேசுங்கள். கடுகு தாளித்து, மீன் வறுத்து ரெண்டு வருடம் இருந்தபின் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு என்று சொல்லி டெபாசிட்டில் பெயின்ட் கூலியைப் பிடிக்கிற வீட்டுக்காரர்கள் உண்டு. குடிபோகிற அன்றே அடுப்பு மேடைச் சுவர், சிங்க்குக்குக் கீழே இருக்கும் கப்போர்டு, மெத்தையின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். அப்படியும் டெபாசிட் வரவில்லையென்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது: ரெண்டு வருடத்துக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தம், 20,000 வெள்ளிவரை, வக்கீல் தேவையில்லை. வேலை போனால் என்ன செய்வது என்பதற்கு ஒப்பந்தத்தில் டிப்ளமேட்டிக் கிளாஸ் (இடையிலேயே வெளியேற வழிவிடும் பிரிவு) இருக்கிறதா பாருங்கள், பொதுவாக 12 மாதம் கழிந்தபின் 2 மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம் என்று இருக்கும்.

கடைசியாக, பிஆர் (நிரந்தரவாச உரிமை) வரும்வரை காத்திராமல் இப்போதே ஒரு காண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வாங்கி வாடகைக்கு விட்டு அந்தக் காசில் தவணை கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். 2023 ஏப்ரலிலிருந்து வீடு வாங்கும் வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரைத் தீர்வை மட்டும் விலையில் 60 விழுக்காடு, 12 லட்சம் வெள்ளி வீட்டுக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். அமெரிக்கர், சுவிஸ்காரர் போன்ற சிலருக்கு ஒப்பந்தப்படி விலக்கு உண்டு, இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இல்லை. பிஆர் ஆனபின் முதல் வீட்டுக்கு அதுவே 5 விழுக்காடு. அப்புறம், நீங்கள் குடியிருக்காமல் வாடகைக்கு விட்டால் சொத்து வரி ஆண்டு மதிப்பில் (வீடு ஓராண்டில் ஈட்டக்கூடிய வாடகையின் மதிப்பீடு) 12 முதல் 36 விழுக்காடு, வாடகை வருமானத்துக்குத் தனியாக வருமான வரி, மூன்று மாதத்துக்குக் குறைவாக விருந்தாளிகளுக்கு விட அனுமதியே கிடையாது. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு உங்களுக்கு இன்னும் ஆசை இருந்தால் வங்கியில் கடன் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டுவிட்டு வாருங்கள், பேசலாம்.