டாக்டரம்மாகிட்ட கேளுங்க: ரெண்டு ஆபரேஷன் ஆச்சு, இப்ப வயித்துல சுருக்குன்னு இழுக்குது

கேள்வி: டாக்டரம்மா, நான் கோத்தகிரி பக்கம் எஸ்டேட்ல கொழுந்து பறிக்கிறேன், ரெண்டு பசங்களும் சிசேரியன், இப்ப மூணாவது, ஏழு மாசம். பத்து நாளா புரண்டு படுத்தா தையல் போட்ட இடத்துக்கிட்ட சுருக்குன்னு இழுக்குது, கொஞ்ச நேரத்துல விட்டுடுது. குளிர்காத்து பட்டா பழைய தையல் வலிக்கும்னு அத்தை சொல்றாங்க. உள்ள பிரிஞ்சிடுமோன்னு பயந்து தூக்கமே வரல.
- பேர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: கண்ணு, புரளும்போது வந்து உடனே போயிடுற வலி பெரும்பாலும் கர்ப்பப்பையைத் தாங்குற தசைநார் இழுபடுறதுதான், பழைய ஆபரேஷன்ல உள்ள சதை ஒட்டிக்கிட்டிருந்தாலும் வயிறு பெருசாகப் பெருசாக இப்படி இழுக்கும். குளிருக்கும் உள்தையலுக்கும் சம்பந்தமே இல்ல. ஒண்ணுக்குப் போறப்ப எரியுதான்னு பாரு, காட்டுல வேலை செய்ற பொம்பளைங்க ஒதுங்க இடமில்லாம சாயங்காலம் வரைக்கும் அடக்கிட்டு தண்ணியும் குடிக்காம இருக்கீங்க, அந்த இன்ஃபெக்‌ஷன் வலியைத் தையல் வலின்னு நினைச்சுட்டு எத்தனையோ பேர் லேட்டா வர்றாங்க. மெடிக்கல் ஷாப்புல கேட்டு டிக்ளோஃபினாக்ங்கிற வலி மாத்திரை மட்டும் போட்டுடாத, அஞ்சு மாசத்துக்கு மேல அது குழந்தையோட கிட்னிக்கு ஆகாது.

எனக்கு உன் வலியை விட நீ எழுதாம விட்ட விஷயம்தான் கவலையா இருக்கு, நஞ்சு, அதான் குழந்தைக்குச் சத்து குடுக்குற பிளசென்ட்டா, எங்க இருக்கு? ஸ்கேன் ரிப்போர்ட்டை எடு, பிளசென்ட்டா கீழ இறங்கி கர்ப்பப்பை வாயை மூடியிருக்குன்னு போட்டிருந்தா உடனே டாக்டரைப் பாரு. ஏற்கனவே ரெண்டு சிசேரியன் ஆனவங்களுக்கு நஞ்சு அப்படி இருந்தா 100 பேர்ல சுமார் 40 பேருக்கு பழைய தழும்புக்குள்ளயே வேர் விட்டுப் பிடிச்சிருக்கும், பிரிக்கப் போனா ரத்தம் கொட்டும். அந்த மாதிரி பிரசவம் சின்ன ஆஸ்பத்திரியில வேண்டவே வேண்டாம், ஊட்டி மெடிக்கல் காலேஜ்லயோ கோயம்புத்தூர்லயோ ரத்தம் ரெடி பண்ணி வச்சுட்டுத்தான் செய்யணும்.

நஞ்சு மேல இருந்தாலும் இடுப்புவலி வரட்டும்னு வீட்டுல காத்திருக்காத, தழும்பு பிரியற ஆபத்து வலி எடுத்தப்புறம்தான் அதிகம், அதனால முன்னாடியே ஆபரேஷன் தேதி வாங்கிடு. வலி விடாம இருந்தா, வயிறு கல்லு மாதிரி இறுகினா, ரத்தம் பட்டா, தோள்பட்டை வலிச்சு தலை சுத்தினா, குழந்தை அசைவு குறைஞ்சா விடியட்டும்னு பாக்காத, மழைக்காலத்துல மேட்டுப்பாளையம் ரோட்டுல எப்ப மண்ணு சரியும்னு உங்களுக்கே தெரியும். 108க்குப் போன் போட்டதும் ரெண்டு சிசேரியன் ஆனவன்னு முதல்லயே சொல்லு, கிளம்பும்போது காபி கூட குடிக்காத, உடனே ஆபரேஷன் பண்ண வேண்டி வந்தா வயிறு காலியா இருக்கணும். போன தடவை குடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில கர்ப்பப்பையைக் குறுக்க வெட்டுனாங்களா நெடுக்க வெட்டுனாங்களான்னு இருக்கும், வெளித்தழும்பைப் பாத்து அதைச் சொல்லவே முடியாது. அதையும் ஸ்கேனையும் ஒரே கவர்ல போட்டு, இந்த வாரமே நர்ஸம்மாகிட்ட காட்டு.