காத்துல தண்ணி எடுக்குற மெஷின்: உங்க கேள்விகள்

கே: கம்ப்ரஸரே இல்லாம காத்துல இருந்து தினம் 10 லிட்டர் தண்ணி எடுக்குற மெஷின், 22,000 ரூபா. ஹை வோல்டேஜ் ஊசி அயனி (சார்ஜ் ஏறுன காத்துத் துகள்) விடுமாம், ஈரப்பதம் அதைப் பிடிச்சு துளியாகிடுமாம். டெமோல ஒரே நிமிஷத்துல தகடு நனைஞ்சுது. 5,000 அட்வான்ஸ் குடுத்துட்டேன். வாங்கலாமா? (வேளச்சேரி வாசகர்)

ப: பணத்தைக் குடுத்துட்டு கேக்குறீங்களே சார். டெமோல பக்கத்துல கெட்டில் ஓடிட்டு இருந்துச்சா? இருந்திருக்கும், அங்கதான் வேலையே. வெள்ளையா தெரியுற ஆவி ஏற்கனவே துளி, அதுக்கு சார்ஜ் ஏத்துனா எதிர் தகட்டுல போய் ஒட்டும், இது நிஜம்தான், மூடுபனில தண்ணி பிடிக்க 2018ல அமெரிக்காவோட எம்ஐடி ஆளுங்க இதையே செஞ்சு காட்டுனாங்க. ஆனா உங்க ஹால்ல இருக்குறது கண்ணுக்குத் தெரியாத நீராவி. அதுல பிறக்குற குட்டித் துளி பிறந்த வேகத்துல ஆவியாகிடும், அதை அயனியோட சார்ஜ் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், ஆனா தூசி இல்லாத காத்துல அது பலிக்க ஈரப்பதம் சுமார் 400 சதவீதம் வேணும் (சாதாரணமா காத்து தாங்குற முழு ஈரம்தான் 100), பாசிட்டிவ் அயனின்னா 600 கிட்ட. இதை 1890கள்லயே வில்சன்னு ஒரு விஞ்ஞானி, மூடின பாத்திரத்துக்குள்ள மேகம் உண்டாக்கி அளந்துட்டார், அதுல இருந்து வந்த மேக அறைக்குத்தான் அவருக்கு 1927ல நோபல். மேகத்துக்குள்ளயே 101ஐத் தாண்டுறது அபூர்வம், அங்க துளியை ஆரம்பிச்சு வைக்கிறது தூசியும் உப்பும். சென்னை என்ன புழுங்குனாலும் 400 வராது. அதோட நீராவி 1 லிட்டர் தண்ணியா மாறுனா கிட்டத்தட்ட 0.68 யூனிட் கரண்டுக்குச் சமமான சூடு வெளிய வரும், அதை யாராவது வெளிய தள்ளணும்ல, அதுக்குத்தான் சாதா மெஷின்ல கம்ப்ரஸர். "அயனி"ன்னு சொல்லிட்டா நம்ம ஆளுங்க அடுத்த கேள்வி கேக்குறதே இல்ல, எனக்கு அதுதான் எரிச்சல்.

"10 லிட்டர்"னு வந்த வாட்ஸப் மெசேஜை அழிக்காதீங்க. அட்வான்ஸைத் திருப்பித் தரலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுங்க.

கே: அயனைசர் (அயனி விடுற மெஷின்) வெச்சா பீரோல பூஞ்சை நிக்குமா, ரூம் ஈரம் குறையுமா?

ப: ஈரம் குறையாது. ஏசில டிரை மோடு போடுங்க. நானும் 3,400 குடுத்து ஒண்ணு வாங்கினேன், மூணு மாசத்துல பின்னாடி சுவத்துல உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பா அப்பிடுச்சு. தூசிக்கு சார்ஜ் ஏறி சுவத்துல ஒட்டுது. பெயிண்டருக்கு 1,500 தனி.

கே: அம்மாவுக்கு 68 வயசு. பொருட்காட்சி ஸ்டால்ல "அயனி குடம்" வாங்கிட்டாங்க, ராத்திரி தானா நிரம்புமாம். பில் தரல. வீட்ல எல்லாரும் திட்டுறோம்.

ப: முதல்ல திட்டுறத நிறுத்துங்க. பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தப்பு. ஜிபேல குடுத்திருந்தா அந்த மெசேஜ், குடம், ஸ்டால் விளம்பர நோட்டீஸ் மூணையும் எடுத்து வெச்சு உங்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடுங்க. 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷம் டைம் இருக்கு.