சிங்கப்பூரில் புதிதாக வாங்கிய கொண்டோவை (தனியார் அடுக்குமாடி வீட்டை) முதல்முறை வாடகைக்கு விடுகிறேன். எங்கே சிக்கல் வரும்?

பெரும்பாலும் ஆள் தேர்விலும் ஒப்பந்தத்திலும்தான். சாவியைக் கொடுப்பதற்கு முன் குடிவருபவர் வெளிநாட்டவர் என்றால், இங்கே தங்கவோ வேலை செய்யவோ தரப்பட்ட அசல் அனுமதி அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். கடப்பிதழோடு ஒப்பிட்டு, மனிதவள அமைச்சு அல்லது குடிநுழைவு ஆணையத்தின் இணையத்தளத்தில் செல்லுபடியாகிறதா என்று சரிபாருங்கள். முகவர் பார்த்துவிட்டார் என்பதோடு விட்டுவிடாதீர்கள், சட்டப்படி பொறுப்பு உங்களுடையது.

தனியார் வீட்டை 3 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது (வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு என்றால் 6 மாதம்).

அடுத்து முத்திரைத் தீர்வை, அதாவது வாடகை ஒப்பந்தத்துக்கு அரசுக்குக் கட்டும் வரி. வாடகை மாதம் 3,500 வெள்ளி, 2 ஆண்டு என்றால் மொத்தம் 84,000, அதில் 0.4 விழுக்காடு, அதாவது 336 வெள்ளி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டும். வழக்கமாகக் குடியிருப்பவர்தான் கட்டுவார், ஆனாலும் கட்டியதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத ஒப்பந்தம் வழக்கில் சான்றாக எடுபடாது.

அதிகம் சண்டை வருவது வைப்புத்தொகையில். 2 ஆண்டுக்கு 2 மாத வாடகை வழக்கம். ஒப்படைக்கும் நாளிலேயே சுவர்க்கீறல், தரைக்கறை, அலமாரிக் கீல் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்துப் பட்டியலில் இருவரும் கையெழுத்திடுங்கள். குளிர்சாதனத்தை 3 மாதத்துக்கு ஒருமுறை பராமரித்து ரசீது காட்டவேண்டும் என்றும் எழுதுங்கள். வடிகுழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுவரில் இறங்கும். அப்போது யார் செலவு என்ற கேள்விக்கு அந்த ரசீதுதான் பதில்.

வருமான வரியில் கடன் வட்டியைக் கழிக்கலாம், அசலைக் கழிக்க முடியாது. மற்றச் செலவுகளுக்கு ரசீது இல்லாமலேயே வாடகையில் 15 விழுக்காடு கழிக்கலாம். சொத்து வரி மட்டும், நீங்களே குடியிருந்தால் கட்டுவதைவிடக் கூடுதல்: வீட்டின் ஆண்டு மதிப்பில் (ஓராண்டுக்குக் கிடைக்கக்கூடிய வாடகை என்று மதிப்பிடப்படும் தொகையில்) 12 விழுக்காட்டில் தொடங்கும். வீடு காலியாகக் கிடந்தாலும் அதே விகிதம்தான்.