தெரபிக்குப் போனால் நடந்ததையே திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார்களாமே, அது இன்னும் மோசமாக்காதா?

ஆமாம் தம்பி, சொல்ல வைப்பார்கள். அதைக் கேள்விப்பட்டுப் பயந்துதான் நானும் பதினான்கு மாதம் போகாமல் இருந்தேன்.

நீங்கள் ஓட்டிய பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த நண்பர் இறந்து எட்டு மாதம் ஆகிறது, தூக்கமில்லை, அந்தச் சாலைப் பக்கம் போவதில்லை, யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். "நீதானே ஓட்டினே" என்று யாராவது கேட்டிருப்பார்கள். கேட்காவிட்டாலும் ராத்திரி நீங்களே கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நானும் ஓட்டியவன்தான்.

நான் லோகோ பைலட், அதாவது ரயில் ஓட்டுநர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். இதைப் படிக்கும் சக ஓட்டுநர்கள், "எனக்குப் பத்து ரன் ஓவர் (வண்டியில் ஆள் அடிபடுவது) ஆச்சு, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று எழுத வருவீர்கள் என்று தெரியும். எனக்கும் அதற்கு முன் ஆறு ஆகியிருந்தது. ஆறு தடவையும் நடந்ததை எழுதி ஸ்டேஷனில் மெமோ கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன். ஏழாவதில்தான் இப்படி ஆனது. அதனால் மற்ற ஆறு பேரை மதிக்கவில்லை என்றோ, நான் பலவீனமானவன் என்றோ யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விருத்தாசலம் தாண்டி அரியலூருக்கு முன்னால். விடிந்து கொஞ்ச நேரம்தான். வேகம் 105. ஒரு பெரியவர், தலையில் வெள்ளைத் துண்டு, ஆடுகளைத் தண்டவாளத்தைத் தாண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். விசில் அடித்தேன். ஆடுகள் தாண்டிவிட்டன, அவரும் தாண்டிவிட்டார். அப்புறம் திரும்பி வந்தார். ஒரு குட்டி நடுவில் நின்றுவிட்டது. அவர் அதைத் தூக்கக் குனிந்தார்.

அந்த வேகத்தில் எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் வண்டி நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆகும். பைக்கில் கையைத் திருப்பலாம், காரில் திருப்பலாம். எங்களுக்குத் திருப்ப எதுவும் கிடையாது. பிரேக்கைப் போட்டுவிட்டு, விசிலை அழுத்திக்கொண்டு, பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

வண்டி நின்றதும் உதவி லோகோ பைலட்டும் கார்டும் இறங்கிப் பின்னால் நடந்தார்கள். அடுத்த ஸ்டேஷனில் மெமோ கொடுத்தேன். திருச்சி வரை அதே இன்ஜினை நானே ஓட்டினேன். ஓட்ட முடியும் என்று சொன்னதும் நான்தான்.

இரண்டு மாதம் கழித்துத்தான் ஆரம்பித்தது. அந்தப் பக்கம் வயல்களில் கொக்கு நிறைய. தண்டவாள ஓரம் வெள்ளையாக எது தெரிந்தாலும், கொக்கோ, பிளாஸ்டிக் பையோ, என் கை பிரேக்குக்குப் போய்விடும். உதவிக்கு வரும் பையன் "அண்ணே, கொக்குண்ணே அது" என்பான். முதல் தடவை சிரித்துக்கொண்டே சொன்னான். அப்புறம் சிரிக்கவில்லை. வீட்டில் மனைவி துவைத்த வேட்டியைக் கொடியில் போட்டால் நான் பின்வாசல் பக்கம் போகமாட்டேன். மகள் ரோட்டைக் கடந்தால் கத்துவேன். குடிக்க ஆரம்பித்தேன். லாபியில், அதாவது வேலைக்கு வந்து கையெழுத்துப் போடும் இடத்தில், குடித்திருக்கிறோமா என்று பார்க்க ஊதச் சொல்வார்கள் என்பதால் மணிக்கணக்கு பார்த்துக் குடிப்பேன். இதை எழுதக் கூசுகிறது. ஆனால் நீங்களும் எதையாவது வைத்துச் சமாளித்துக்கொண்டிருப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

ஏன் போகவில்லை? எங்கள் வேலைக்கு ஏ-ஒன் மருத்துவத் தகுதி வேண்டும். மனநல மருத்துவரிடம் போனேன் என்று தெரிந்தால் இன்ஜினிலிருந்து இறக்கி மேஜை வேலையில் உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயம். இன்னொன்று அந்த வார்த்தை. நம் ஊரில் கொலைகாரனுக்கும் சைக்கோ, உதவி கேட்டுப் போகிறவனுக்கும் சைக்கோ.

முதலில் ஒரு தனியார் 'கவுன்சலிங் சென்டர்' போனேன். பெயர் வேண்டாம். அரை மணி நேரம் நேர்மறை எண்ணம் பற்றிப் பேசினார், நடந்ததை மறந்துவிடுங்கள் என்றார், தியான வகுப்புக்குப் பணம் கட்டச் சொன்னார். அந்தப் பெரியவரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்த ஆளால் எனக்கு இன்னும் ஐந்து மாதம் வீணானது. அந்தக் கோபம் இன்றுவரை போகவில்லை. மருத்துவ உளவியலாளர் என்று பலகை வைத்திருந்தால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று தைரியமாகக் கேளுங்கள். பதிவு உள்ளவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைசியில் ஒரு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். மருத்துவர் செர்ட்ரலைன் என்ற மனநல மாத்திரை எழுதினார். தூக்க மாத்திரை கேட்டேன், தரவில்லை. இந்த நோய்க்கு அந்த வகை மாத்திரை நல்லதில்லை, பழக்கமாகிவிடும் என்றார். பேச்சு சிகிச்சைக்கு ஒரு மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பினார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவேன். குடியை விடுவது, மூச்சுப் பயிற்சி, இந்த நோய் எப்படி வேலை செய்கிறது, எல்லாம் முதலில் பேசினோம். ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே இருந்தால் இதற்குப் பி.டி.எஸ்.டி (பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல் நோய்) என்று பெயர் உண்டு, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் சேர்த்தது, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் நிலைமை அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்றார். எனக்கு வந்தது ஒரு நோய், புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டதே பாதி பாரம் இறங்கியது மாதிரி இருந்தது.

மூன்றாவது வாரம்தான் சொல்லச் சொன்னார். முதல் நாளே யாரும் கிளற மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பது போலவே சொல்ல வேண்டும். "ஆடு போகுது, அவர் திரும்புறார்" என்று. நடுநடுவே "பயம் நூற்றுக்கு எவ்வளவு?" என்று கேட்பார். முதல் நாள் 95. சட்டை நனைந்துவிட்டது. போனில் பதிவு செய்து, வீட்டில் தினமும் கேட்கச் சொன்னார். அந்த வாரம் மோசமாகத்தான் இருந்தது தம்பி, பொய் சொல்ல மாட்டேன். விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

ஐந்தாவது முறை சொல்லும்போது ஒன்று நடந்தது. அதுவரை, நான் விசிலைத் தாமதமாக அடித்தேன், பிரேக்கைத் தாமதமாகப் போட்டேன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். இன்ஜினின் ஸ்பீடோமீட்டர் பதிவில் எல்லாம் சரியாக இருந்தது. விசாரணையிலும் என் மேல் தப்பில்லை என்றே முடிந்தது. தாளில் இருந்தது எனக்குள் ஏறவில்லை. அன்றைக்குச் சொல்லிக்கொண்டு போகையில், அவர் குனிவதற்கு முன்பே, திரும்பிய நொடியிலேயே என் கை பிரேக்கில் இருந்தது நினைவுக்கு வந்தது. கைப்பிடியின் குளிர்ச்சிகூட. அந்தக் குட்டி அந்தப் பக்கம் குதித்து ஓடியதும் அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தது. அழுதேன். மேடம் எதுவும் சொல்லாமல் இருந்தார். அடுத்த வாரம் 60, அப்புறம் 40.

பிறகு மகளோடு ஒரு லெவல் கிராஸிங்கில் போய் நிற்கச் சொன்னார். வண்டி போகும்வரை நிற்க வேண்டும், திரும்பி நடக்கக் கூடாது. நின்றேன். அங்கேயும் கேட் மூடியிருக்க, நான்கு பேர் பைக்கைச் சாய்த்துக் கம்பிக்கு அடியில் நுழைந்து போனார்கள். ஒருவர் முன்னால் குழந்தையை உட்கார வைத்திருந்தார். இதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். தண்டவாளத்தில் அத்துமீறி நடந்தால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. அது யாருக்கும் உறைக்கவில்லை. ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். இன்ஜினில் இரண்டு பேர் இருக்கிறோம், உங்கள் முகம் எங்களுக்குத் தெரிகிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் மருத்துவன் இல்லை. எனக்குச் சரிப்பட்ட முறை உங்களுக்குச் சரிப்படாமல் போகலாம். கண் அசைவை வைத்துச் செய்யும் ஈ.எம்.டி.ஆர் என்ற இன்னொரு முறையும் இருக்கிறது, சிலருக்கு அதைத் தருகிறார்கள். எனக்குப் பன்னிரண்டு அமர்வு ஆனது. சிகிச்சை முடியும்வரை விடுப்பில் இருந்தேன், அப்புறம் தகுதிச் சான்று வாங்கி மறுபடி இன்ஜின் ஏறினேன். கொக்கைப் பார்த்தால் இன்றும் நெஞ்சு ஒரு தடவை அடிக்கும். கை பிரேக்குக்குப் போவதில்லை.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. செத்துவிடலாம் என்று தோன்றும் ராத்திரியாக இருந்தால் காலை வரை காத்திருக்காமல் அப்போதே கூப்பிடுங்கள், வீட்டில் யாரையாவது எழுப்புங்கள். நேரில் போவதானால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போங்கள். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் மனநலப் பிரிவு என்று சொன்னால் போதும், காரணத்தை அங்கே விளக்க வேண்டியதில்லை. உள்ளே போயும் முதல் நாள் நான் சொன்னது "தூக்கம் வரலைங்க" என்பது மட்டும்தான். மீதியை அவர்களே கேட்டார்கள்.